வானத்தில் ஒரு குதிகால்

நாடக அரங்கின் மேனேஜருக்கு ஒரு வழக்கம் உண்டு. கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தால் முதலில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிடுவார். அதனால் அன்று காலை ஒத்திகைக்கு முன்பே தட்டில் டீ வந்தபோது, தையல் அறையில் பொத்தான் வைத்துக்கொண்டிருந்த ஊசியக்கா வேலையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

ஊசியக்கா என்பது அரங்கத்தார் வைத்த பெயர். நடிகர்களின் உடுப்பு, மேடைத் திரை, பின்னால் தொங்கும் படுதா என்று துணி சம்பந்தப்பட்ட எல்லாமே அவள் பொறுப்பு. நாடகம் நடக்கும்போது மேடையின் பக்கவாட்டு மறைவில், ஒரு மூலையில், ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். யாருக்காவது தையல் விட்டுவிட்டால் ஓடி வந்து அவளிடம் முதுகைக் காட்டுவார்கள். ரவிக்கைக் கையில் எப்போதும் நாலைந்து ஊசி குத்தியிருக்கும்.

"புது விதி வந்திருக்கு," என்றார் மேனேஜர், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு. "மேடைக்கான தீ பாதுகாப்பு விதி மொத்தத்தையும் மாத்திட்டாங்க. மணல் வாளி இனி செல்லாது, சிவப்பு சிலிண்டர்தான். கூரையில தண்ணிக் குழாய் வருது. பக்கவாட்டு வழியில ஒரு சாமான் இருக்கக் கூடாது."

"என் ஸ்டூல்?" என்றாள் ஊசியக்கா.

"அதை ரெண்டடி தள்ளிப் போட்டுக்கலாம்க்கா. அது பெரிசில்ல. பெரிசு என்னன்னா, மேடையில தொங்கற ஒவ்வொரு துணியையும் எரிச்சுப் பாக்கப் போறாங்க. அவங்க காட்டற இடத்துல வெட்டிக் கொடுக்கணும்."

மேடைத் தச்சர் டீயை வாயருகே வைத்தபடியே நின்றுவிட்டார். அவருக்குப் பெயர் ஆணி. எந்த நேரமும் உதட்டில் இரண்டு ஆணியைக் கவ்விக்கொண்டுதான் பேசுவார். டீ குடிக்கும்போது மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

"அப்போ வால்?" என்றார்.

மேனேஜர் டீ கிளாஸை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

வால் என்பது அந்த அரங்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மேடைத் துணிகளைத் தீப்பிடிக்காத மருந்தில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும் என்பது பழைய விதியிலும் உண்டு. சோதனைக்கு வருகிறவர் துணியின் கீழ்மடிப்பில் ஒரு நாடா வெட்டி, நெருப்பு வைத்துப் பார்ப்பார். தீ தானாக அணைந்தால் சரி. ஊசியக்கா ஒரு துணியைத் தவிர எல்லாவற்றையும் ஒழுங்காக ஊறவைத்துவிடுவாள். அந்த ஒன்றுக்கு மட்டும், கீழ்மடிப்பில் மருந்திட்ட நாடாவாகத் தனியே ஒன்று தைத்துத் தொங்கவிடுவாள். அதுதான் வால். முன்பு வந்துகொண்டிருந்த அதிகாரிக்கு மீசை என்று பெயர். அவருக்கும் இது தெரியும். குனிந்து வாலை நறுக்கி, தன் சிகரெட் லைட்டரையே அதில் காட்டி, அணைந்ததும் "நல்ல பிள்ளை" என்று துணியைத் தட்டிக்கொடுத்துவிட்டு டீக்கு உட்கார்ந்துவிடுவார். மீசை இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்.

அந்த ஒரு துணி, தெருப் படுதா. மாலை நேரத் தெரு. கீழே ஈரச் சாலை, அதற்கு மேல் கதவுகள், ஜன்னல்கள், ஓட்டுக் கூரைகள், எல்லாவற்றுக்கும் மேல் இருட்டத் தொடங்கும் நீல வானம். எந்த நாடகமானாலும் எங்காவது ஒரு தெருக் காட்சி வந்துவிடும். உடனே அது இறங்கும். வரைந்தவர் அரங்கத்தின் பெயிண்டர். ஊசியக்காவின் கணவர். போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் ஒரு மத்தியானம் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவர் பொடி வண்ணத்தைப் பசையில் குழைத்து எழுதுகிறவர். அதில் தண்ணீர் பட்டால் போயிற்று. மருந்தோ தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு தடவை ஓரத்தில் கொஞ்சம் தடவிப் பார்த்தார்கள். ஒரு கதவு முழுக்கக் கரைந்து வழிந்து, காய்ந்த பிறகு உப்புப் பூத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வால்.

"புதுசா ஒரு தெரு எழுதிக்கலாமே," என்றார் மேனேஜர் மெதுவாக.

"யாரு எழுதுவா?" என்று கேட்டார் ஆணி. "நீங்களா? நோட்டீஸ் பலகையில நீங்க எழுதின அம்புக்குறியைப் பாத்துட்டுப் போன வாரம் நாலு பேரு பாத்ரூமுக்குள்ள போய் டிக்கெட் கேட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஊசியக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தப் படுதாவில் யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. படுதாவைத் தரையில் விரித்துப்போட்டு, அதன் மேலேயே நடந்து நடந்து, நீளக் கம்பில் கட்டிய தூரிகையால் எழுதுவார் பெயிண்டர். காலுறை போடாமல் ஏறினால் யாராயிருந்தாலும் திட்டு விழும். வானத்தை முடித்த அன்று காலுறை நனைந்துவிட்டதென்று கழற்றிப் போட்டிருந்தார். அவள் வாசலில் நின்று, "சாப்பாடு ஆறுது, வரீங்களா இல்லையா?" என்று கத்தினாள். "வந்துட்டேன் வந்துட்டேன்" என்று திரும்பியவர் ஈர வானத்தில் வெறுங்காலை வைத்துவிட்டார். குதிகால், ஐந்து விரல் எல்லாம் அப்படியே பதிந்தது.

"வானத்துல கால் வெச்ச மொத ஆளு நீங்கதான்," என்றாள்.

"வெச்சுப் பாத்தேன். வழுக்குது," என்றார் அவர். அழிக்கவும் இல்லை. "கீழ இருக்கிற தப்பத்தான் ஜனங்க பாப்பாங்க. மேல யாரு பாக்கப் போறா?"

அவள் பார்த்தாள். அவளுடைய ஸ்டூல் இருந்த மூலையிலிருந்து சாய்வாக அண்ணாந்தால், பக்கவிளக்கு அந்த இடத்தில் விழும்போது, சின்ன மேகம்போல அந்தக் கால் தெரியும். அவர் இருந்தவரை அது அவர்களுக்குள் ஒரு வேடிக்கை. அவர் போன பிறகு அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உடனே எல்லாரும் வந்து அண்ணாந்து பார்ப்பார்கள், பாவம் என்பார்கள். தெருக் காட்சி வரும்போதெல்லாம் ஒருமுறை பார்ப்பாள். அதோடு அன்றைய பொழுது முடிந்துவிடும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிடலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். படுதாவின் கீழ்மடிப்பில், வாலுக்குப் பக்கத்தில், நிஜத் துணியில் விரலகலம் வெட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சமையலறைத் தொட்டி மேல் அதை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி கிழித்தாள். அணைந்துவிடும் என்று ஏதோ ஒரு நப்பாசை. துணி அணைவதைப் பற்றி யோசிக்கவேயில்லை. ஒரே இழுப்பில் இடுக்கிவரை ஏறி வந்தது. அவள் கையை உதறிக் குழாயைத் திறந்தாள். தொட்டியில் கறுப்பாக ஒரு சுருள் மிதந்தது. தெருக் காட்சியில் அந்தப் படுதாவுக்கு முன்னால் மெழுகுவத்தியோடு ஒரு பெண் நடந்துபோவாள். எத்தனை தடவை போயிருப்பாள்!

மறுநாள் ஆணி அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒரு வழி இருக்கு." பெயிண்டரை அவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார், அந்த வகையில் இவள் தங்கச்சி. "வால் கீழ இருந்தாத்தானே பிரச்சினை? வாலை மேல கொண்டு போயிடுவோம். வானத்துல ஒரு சதுரம் வெட்டி எடுத்துட்டு, மருந்துல ஊறின துணியை ஒட்டுப் போடு. உன் தையலை எவனால கண்டுபிடிக்க முடியும்? நான் மேல நீலம் பூசிடறேன். வரவங்களைப் பேசிப் பேசி அந்தப் பக்கமா ஓட்டிட்டு வந்துடறது என் பொறுப்பு."

"எரியுதுண்ணே அது. நான் பாத்தேன்."

"எது எரியாது? நீ எரியமாட்டியா, நான் எரியமாட்டேனா? இத்தனை வருஷம் எரியல இல்ல?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "மச்சான் கையால எழுதின படுதா இது ஒண்ணுதான் மிச்சம். யோசிச்சுக்கோ."

அவள் அதிகம் யோசிக்கவில்லை. அன்று மாலையே வானத்தின் வலது பக்கத்தில், கால் பதிந்த இடத்திலிருந்து தள்ளி, ஒட்டுத் தைத்துக் கொடுத்தாள். நூல் தெரியவில்லை. ஆணி நீலத்தைக் குழைத்துக்கொண்டிருந்தார். அவள் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் தெருக் காட்சியில் அண்ணாந்து பார்த்தவள் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். ஆணி கெட்டிக்காரர். ஒட்டு தனியாகத் தெரியக் கூடாதென்று சுற்றிலும் நீலத்தை இழுத்து இழுத்துப் பூசியிருந்தார். அந்த நீலம் நடந்து வந்து பாதத்தின் மேல் பாதிவரை மூடியிருந்தது. விரல்கள் இல்லை. குதிகால் மட்டும் மிச்சம்.

"எப்படி? தெரியுதா பாரு!" ஆணி பின்னாலிருந்து காதோரம் கிசுகிசுத்தார்.

"தெரியலண்ணே," என்றாள்.

கழுவவும் முடியாது. புது நீலம் போகும்போது பழையதையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

அன்று மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் வேறு ஊரில் இருக்கிறாள். வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் பேசுவாள்.

"என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன சாப்பிட்டீங்க?"

"இருந்ததைத்தான்."

"இங்க வந்துடுங்கன்னா கேக்க மாட்டேங்கறீங்க. அங்க என்னதான் வெச்சிருக்கீங்க?"

சொல்லலாம் என்று வாயெடுத்தாள். வானத்தில் உன் அப்பாவின் விரல்கள் போய்விட்டன என்று எப்படிச் சொல்வது? பயந்துபோய் அடுத்த வண்டியில் வந்து நிற்பாள். "ஒண்ணுமில்லடி, ஜலதோஷம்," என்று வைத்துவிட்டாள்.

சோதனைக்கு வந்தது ஓர் இளம் பெண். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கையில் ஒரு பெட்டி. அதற்குள் கத்தரி, இடுக்கி, எரிவாயு லைட்டர், தண்ணீர் ஊற்ற ஒரு தட்டு. மேனேஜர் டீ வரவழைத்தார். "வேலை முடியட்டும் சார்," என்று புன்னகையோடு தள்ளி வைத்துவிட்டாள். மேனேஜர் ஆணியைப் பார்த்தார். ஆணி ஆணியைக் கடித்தார்.

முன்திரை தேறியது. பக்கத் திரைகள் தேறின. ஒவ்வொன்றிலும் அவள் காட்டிய இடத்தில் ஊசியக்கா வெட்டிக் கொடுத்தாள். தீ வைத்ததும் கறுத்துச் சுருங்கித் தானாக அணைந்தன. கடைசியாகத் தெருப் படுதாவைக் கயிற்றில் இறக்கி மேடையில் விரித்துப் போட்டார்கள்.

அதிகாரி உடனே மிதிக்கவில்லை. சுற்றி வந்து பார்த்தாள். "அழகா இருக்கே," என்றாள், யாரிடமென்று இல்லாமல். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு ஏறினாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. சாலையில் நடந்து, கூரைகளைத் தாண்டி, வானத்தில் போய் நின்றாள்.

"படம் இருக்கிற இடத்துல வெட்டினா பாழாயிடும்மா. வானத்துல வெட்டிக்கலாமா? அங்க ஒண்ணும் இல்லையே. யாருக்கும் தெரியாது."

"அதான் மேடம், அதேதான்!" ஆணி முந்திக்கொண்டார். "இந்தப் பக்கம் வாங்க, இங்கதான் வெளிச்சம் நல்லா விழுது. இப்படி, இன்னும் கொஞ்சம், ஆங்!"

அவள் நின்ற இடத்தில் கால் நுனிக்கு நேராக ஒட்டு. குதிகாலுக்கும் அவளுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

"அம்மா, கத்தரியைக் கொண்டு வாங்க. இங்கயே வெட்டிடலாம்."

ஊசியக்கா செருப்பை விட்டுவிட்டு நடந்து போனாள். கத்தரி கையில் கனத்தது. ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தால் போதும். அணைந்துவிடும். டீ சாப்பிடுவார்கள். நாளைக்குத் தெரு மறுபடி இறங்கும். அடுத்த வருஷம் இந்தப் பெண் வேறு இடம் காட்டுவாள். அங்கேயும் ஒட்டுப் போட வேண்டும், ஆணி வந்து சுற்றிலும் பூச வேண்டும். அதற்கடுத்த வருஷம் இன்னொன்று. மெழுகுவத்திக்காரி தினமும் அதற்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருப்பாள்.

"அங்க வேண்டாம்மா," என்றாள்.

"ஏன்?"

"அது ஒட்டு. நான்தான் தெச்சேன். அது மட்டும் மருந்துல ஊறினது."

ஆணி கூரையைப் பார்த்தார். புதுத் தண்ணீர்க் குழாயில் அவருக்குத் திடீரென்று பெரிய அக்கறை வந்துவிட்டது. மேனேஜர் இருமினார்.

"அப்போ எங்க வெட்டறது?" என்று அதிகாரி கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

ஊசியக்கா வானத்தின் மறுகோடிக்குப் போனாள். குதிகாலுக்கு ரொம்பத் தூரத்தில் மண்டியிட்டு, ஒரு நாடா வெட்டி எடுத்து வந்து கொடுத்தாள். லைட்டர் தொட்டதுதான் தாமதம், தீ குபீரென்று ஏறியது. அதிகாரி இடுக்கியோடு தண்ணீர்த் தட்டில் போட்டாள். ஸ்ஸென்ற சத்தம் மட்டும் கேட்டது.

"இது மேடையில தொங்கக் கூடாதும்மா."

"தெரியும்மா."

"தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"வருஷத்துக்கு ஒரு ஒட்டுன்னா கடைசியில முழுக்க எங்களோட ஒட்டாத்தான் இருக்கும். அவர் இருக்க மாட்டார்."

"அவர்னா?"

"எழுதினவர். இவங்க வீட்டுக்காரர்," என்றார் மேனேஜர். "தவறிட்டாரு."

அதிகாரி வானத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். படுதாவிலிருந்து இறங்கி ஷூவைப் போட்டுக்கொண்டே, "மேடையிலதான் கூடாது," என்றாள். "வேற எங்க இருந்தாலும் என் விதியில வராது." டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே எடுத்துக் குடித்துவிட்டுப் போனாள்.

ஆணி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்தார்.

"அண்ணாந்து நீலம் பூசினதுல என் கழுத்து சுளுக்கினது சுளுக்கினதுதான். சரி, போகட்டும். இவ்வளவு பெரிய துணியை எங்க வெக்கப் போற? உன் வீட்டு வாசல்ல பாதித் தெருதான் நுழையும், மீதித் தெரு தெருவுலயே நிக்கும்."

"பிரிச்சுடறேன்," என்றாள்.

அந்தப் படுதா ஐந்து நீளத் துணிகளைக் குறுக்கே ஒன்றன்கீழ் ஒன்றாக இணைத்துத் தைத்தது. எழுதுவதற்கு முன் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். இப்போது அவளே தையல் அறைத் தரையில் உட்கார்ந்து தையலைப் பிரித்தாள். இறுக்கமான தையல், அந்த வயதில் அவளுக்குக் கை பலம் அதிகம். நூல் ஒவ்வொன்றாக அறுந்தது. சாலை தனியாக வந்தது. கதவுகள் தனியாக, ஜன்னல்கள் தனியாக, கூரைகள் தனியாக. கடைசியில் வானம் மட்டும் மடியில் கிடந்தது.

ஐந்து சுருளையும் ஆணி தள்ளுவண்டியில் போட்டுக் கொண்டு வந்து, மாடிப்படி ஏற்றிக் கொடுத்தார். நான்கு சுருள் கட்டிலுக்கடியில் போயின. வானத்தை மட்டும் அவள் அறைச் சுவரில் அடிக்கச் சொன்னாள். ஒரு சுவருக்குள் அடங்கவில்லை; மூலையில் திரும்பி அடுத்த சுவருக்கும் ஓடியது.

ஆணி ஸ்டூலில் ஏறி அடித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். உதட்டிலிருந்த ஆணிகளுக்கு நடுவே, "எவனோ மிதிச்சிருக்கான் பாரு," என்றார். "குதிகால் தெரியுது. மேல இருந்தப்போ என் கண்ணுல படலையே. பட்டிருந்தா இதையும் சேத்துப் பூசிவிட்டிருப்பேன்."

"இருக்கட்டும்ணே."

"நீலம் கொஞ்சம் மிச்சம் இருக்கு, கொண்டு வரவா?"

"வேண்டாம்ணே. இருக்கட்டும்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆணியை அடித்தார். போகும்போது வாசலில் நின்று, "அடுப்பு ஜாக்கிரதை தங்கச்சி," என்றார். "உனக்கு நான் சொல்லணுமா!"

அரங்கத்தில் இப்போது தெருக் காட்சிக்கு மருந்தில் ஊறிய கறுப்புத் துணி இறங்குகிறது. அதையும் ஊசியக்காதான் தைத்தாள். மெழுகுவத்திக்காரி அதன் முன்னால் நடக்கிறாள். பார்க்கிறவர்கள் தெருவை அவரவர் மனத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அவள் இரண்டடி தள்ளிப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து நூல் கோக்கிறாள். அண்ணாந்து பார்ப்பதில்லை.

கழித்துப்போட்ட மணல் வாளிகளில் ஒன்றை மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். சிவப்பு வாளியில் வெள்ளையில் 'தீ' என்று அவள் கணவர் எழுதியது. எச்சரிக்கை என்று தோன்றாது, அவ்வளவு அழகான எழுத்து. வானத்துக்குக் கீழே அதை வைத்துத் தண்ணீர் நிரப்பினாள். அடுப்பைத் தூக்கிப் பின்கட்டுப் பால்கனியில் வைத்தாள். மழை பெய்தால் அங்கே சாரலடிக்கும். அன்றைக்குச் சமைக்க முடியாது.

"அடுப்பை எதுக்கும்மா வெளியில வெச்சிருக்கீங்க?" அந்த வாரம் மகள் கேட்டாள்.

"உள்ள தீ கூடாது. புது விதி."

"வீட்டுக்கெல்லாமா விதி போடறாங்க?"

"இந்த வீட்டுக்குப் போட்டிருக்கு."

மகள் என்னவோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். நெடுநாளைக்குப் பிறகு அம்மா வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று அவளுக்குச் சந்தோஷம். ஊசியக்காவும் அதைக் கலைக்கவில்லை.

தொலைபேசியை வைத்துவிட்டு நாற்காலியை வானத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். எத்தனை நாள் பழகியும் நேராகப் பார்த்தால் அது யாருடைய வானமோ போலத்தான் இருந்தது. நீலம், அதில் ஒரு கறை, அவ்வளவுதான். எழுந்து நாற்காலியை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுவரில் தலையைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி உட்கார்ந்து பார்த்தாள். குதிகால் தெரிந்தது. அதற்கு மேல் ஆணியின் நீலம். அந்த நீலத்துக்கு அடியில்தான் விரல்கள் இருக்கின்றன.

வெளியே தூறல் போட்டது. பின்கட்டில் அடுப்பின் மேல் சாரல் விழும் சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.